எட்டு அங்குலம்

லிஃப்ட் வாங்குவதற்கு முன்
வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப் போனோம்.
ராணிப்பேட்டை சிப்காட் பின்வாசல், மதியம் இரண்டு மணி,
ஈரத்தோல் லோடு, வழியெல்லாம் சொட்டிக்கொண்டு.
முன் அச்சு ஏழு டன்.
பின் இரண்டும் சேர்த்து இருபத்தொன்று.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் படம் விரித்தார்.
"நாலு காலுங்க. காலுக்கு ஏழரை.
மொத்தம் முப்பது டன் தூக்குமுங்க."
"நம்ம வண்டி இருபத்தெட்டு. அப்புறம் இன்னா?"
முதலாளி நூருல்லா பேனாவைத் திறந்துவிட்டார்.

மொத்தம் என்பது சீட்டில்தான் இருக்கிறது.
தரையில் இருப்பவை கால்கள்.
பின்பக்க இருபத்தொன்றை இரண்டு கால் பிரித்தால்
ஆளுக்குப் பத்தரை.
ஏழரைதான் தாங்கும் என்று எழுதியிருப்பதும் அதே கால்தான்.
ஸ்டோர்கீப்பர் நான், நட்டு எண்ணுகிறவன்,
அன்றைக்கு வாயைத் திறந்தேன்.
பேனா மூடியது.
விலைப்பட்டியலில் ஆறு கால் வந்தது.
முதலாளி என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் தரை.

எட்டு அங்குலம் கான்கிரீட் வேண்டும்,
கம்பி வேண்டும், சரிவு கூடாது.
இடத்தை விற்றவர் பத்து அங்குலம் என்று
சத்தியம் செய்திருந்தார்.
துளைபோடும் எந்திரம் நாலாவது அங்குலத்தில்
சத்தத்தை மாற்றியது.
வெளியே வந்தது வெள்ளையாக, பிசுபிசுவென்று:
சுண்ணாம்பு. அதனடியில் மயிர்.
எந்தக் காலத்திலோ தோல்ஷாப்பு.
எந்த மாட்டின் மயிரோ, கறுப்பும் செவலையுமாய்.
இருபத்து மூன்று லாரிகளும் இத்தனை வருஷம்
ஒரு சுண்ணாம்புத் தொட்டியின் மூடிமேல் நின்றிருக்கின்றன.

போன சித்திரையில்
ஜாக்கி அரை அங்குலம் இறங்கியது.
தார் இளகியதால் என்றோம், வெயில்மேல் போட்டோம்.
பிச்சாண்டிக்கு இரண்டு விரல்.

எல்லாம் உடைத்தோம். தொட்டியைத் தோண்டி,
கல் போட்டு இடித்து, கம்பி கட்டி
ஆரோக்கியம் மேஸ்திரி ஒரே நாளில் ஊற்றினார்,
விடியலில் தொடங்கி, டார்ச் அடித்து முடித்து.
பிறகு சாக்கு விரித்துத் தண்ணீர் விட வேண்டும்.
பாலாற்றில் ஏது? டேங்கர்தான், நடை எண்ணூறு ரூபாய்.
கத்திரி வெயிலில் தரைக்குக் கொடுத்த தண்ணீரை
தெருவே நின்று பார்த்தது.
ஒரு அம்மா குடத்தோடு வந்தாள்.
ரெண்டு குடம் பிடித்துக்கொடுத்துவிட்டு
மீதியைச் சாக்கில் ஊற்றினேன்.

"இருபத்தெட்டு டன்னுக்கு இருபத்தெட்டு நாளா?"
முதலாளி அன்றுதான் சிரித்தார்.
கணக்கு அப்படியில்லை. இருந்தாலும் தலையாட்டினேன்.

இருபத்தொன்பதாம் நாள்.
ஆறு காலும் ஆறு சக்கரத்தடியில் முள்கரண்டியை நுழைத்தன.
பொத்தான் பிச்சாண்டியிடம்.
மிஞ்சிய விரல்களில் பெரியதால் அழுத்தினான்.
டக். டக். டக்.
பூட்டுப் பல் ஒவ்வொன்றாக விழும் சத்தம்;
அது ஒரு காலில் நின்றுபோனால் எல்லாவற்றையும் நிறுத்து
என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லியிருந்தார்.
நாங்கள் மூச்சைவிட்டு அதைத்தான் எண்ணினோம்.
ஆறடி.
புதுத்தரை முனகவில்லை.

தேசிங்கு உள்ளே போனான், குனிந்தபடியே.
"நிமிர்ந்து நில்லுடா" என்றேன்.
நிமிர்ந்தான். தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சம்.
பதினாறு வருஷமாக மல்லாந்து பார்த்த வண்டியை
நின்று பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை,
டார்ச்சை ஒரு இடத்தில் நிறுத்தினான்.

சாஸியின் குறுக்குச் சட்டத்தில்
கிரீஸ் அப்பி உட்கார்ந்திருந்தது
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்.
ரெண்டு வருஷம், சூரத் போய், கான்பூர் போய்,
ஒரு குழியிலும் விழாமல்.

பொத்தானை விட்டுவிட்டுப் பிச்சாண்டி என்னிடம் வந்தான்.
"நாந்தான் தொலைச்சேன்னு
சம்பளத்துல முந்நூத்தி நாப்பது புடிச்சியே சார்."
கை நீட்டினான்.
பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்தேன்.